நூலகத்தில் யார் என்ன படித்தார் என்று போலீஸுக்கு எதற்கு?

நொய்யல்கரை: நேற்று இன்னொரு இழையில் காங்கேயம்காளை எழுதியது: "தப்பு செய்யாதவனுக்கு நூலகப் பதிவேட்டைக் காட்ட என்ன பயம்?" படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2005-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கடிதம் கொடுத்தது. கணினியைப் பயன்படுத்தியது யார் என்று சொல்ல வேண்டும், கடிதம் வந்ததையே வெளியே சொல்லக் கூடாது. நீதிபதி கையெழுத்தே இல்லை.

காங்கேயம்காளை: அது பேட்ரியாட் சட்டம் என்கிற அமெரிக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில், பதிவேடுகளைக் கேட்டு வாங்கும் 215-வது பிரிவுங்க. அதற்கு அப்போது நீதிமன்ற உத்தரவு வேண்டியிருந்தது. அரைகுறையாகப் படித்துவிட்டு எழுதாதீங்க.

நொய்யல்கரை: 215 இல்லைங்க. வந்தது தேசப் பாதுகாப்புக் கடிதம், நீதிபதியிடம் போகாமலே விவரம் கேட்கும் உத்தரவு. 215 என்றால் ரகசிய நீதிமன்றமாவது பார்த்திருக்கும். இதற்கு எஃப்.பி.ஐ. அதிகாரியே போதும்.

காங்கேயம்காளை: நூலகம் என்றாலே 215-தான். உலகத்துக்கே தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது.

சென்னிமலை: அண்ணா, அமெரிக்காவை விடுங்க. சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டார்கள். நம் கிளை நூலகத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

காங்கேயம்காளை: 1998-ல் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் செத்தது மறந்துபோச்சா தம்பி?

நொய்யல்கரை: மறக்கவில்லை. அந்தக் குண்டை நூலக அட்டையை வைத்தா கண்டுபிடித்திருக்க முடியும்? சந்தேகம் இருந்தால் நீதிமன்ற உத்தரவோடு வரட்டும். கனெக்டிகட்டில் அந்தக் கடிதம் வந்த நூலகர்கள் நாலு பேர் வழக்குப் போட்டார்கள், ஆனால் தங்கள் வழக்கு விசாரணைக்கே நேரில் போக முடியவில்லை. 2006 மார்ச்சில் பேட்ரியாட் சட்டத்தைப் புதுப்பிக்கும் வரை வாய்ப்பூட்டு. அதற்கப்புறம்தான் எடுத்தார்கள். பேச வேண்டிய நேரத்தில் பேச விடவில்லை, அதுதான் அநியாயம்.

காங்கேயம்காளை: புதுப்பித்த சட்டத்தில் 215 இருந்ததா இல்லையா?

நொய்யல்கரை: இருந்தது. கடிதம் அதன் கீழ் வரவில்லை. எத்தனை தடவை சொல்வது?

பவானிகூடல்: ஈரோடு புத்தகத் திருவிழா இழையிலும் காளை இப்படித்தான் ஒரு தேதியைப் பிடித்துத் தொங்கினார்.

காங்கேயம்காளை: அந்தத் தேதி சரிதான். நீங்கதான் பதில் சொல்லாமல் ஓடினீங்க.

பவானிகூடல்: ஓடவில்லை. நெறியாளர் இழையைப் பூட்டினார்.

சென்னிமலை: என் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலீங்களே?

நொய்யல்கரை: சொல்கிறேன் தம்பி. முதலில் இவர் 215 இல்லை என்று ஒத்துக்கொள்ளட்டும்.