ரிதத்துக்குள்ளே ஒரு பியானோ, யார் வாசிக்கிறது?

புதுவிரல்:
வணக்கம். அரேஞ்சர் சாஃப்ட்வேரோட (நாம பிடிக்கிற ஸ்வரத்துக்குத் தானா பக்கவாத்தியம் வாசிக்கிறது) மிடி கீபோர்டை (ஒலிக்குப் பதிலா நோட் எண்களை அனுப்புறது) இணைச்சு சொந்தமா பாட்டு அமைக்கப் பழகிட்டு இருக்கேன். கூடவே வந்த ஸ்டைல்கள் (தயாரா இருக்கிற தாள, பக்கவாத்திய அமைப்புகள்) ஒழுங்கா ஓடுது. வெளியில இருந்து இறக்கின ஒரு 6/8 ஸ்டைல்ல மட்டும், தாளத்தோட சேர்ந்து ஒரு பியானோ சுருதி சேராம 'டிங் டிங்'னு அடிச்சுக்கிட்டே இருக்கு. இன்ட்ரோல இல்ல, மெயின் ஏ, அதாவது ஸ்டைலோட முக்கியப் பகுதி தொடங்கினதும் வந்துடுது. கேபிள் மாத்தியாச்சு, சாஃப்ட்வேரை அழிச்சு மறுபடி போட்டாச்சு. சவுண்டுஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கின கோப்பு) பிளேயர் வழியாத்தான் ஒலி வருது.

நாலரைக்கட்டை:
கேபிளை விடுங்க, அது பாவம். ரெண்டு விஷயம் பாருங்க. கார்டு (சேர்த்துப் பிடிக்கிற ஸ்வரக்கூட்டு) மாத்தும்போது அந்தப் பியானோவும் மாறுதா? மிக்ஸர்ல எந்த சேனல் விளக்கு அதோட சேர்ந்து மினுக்குது?

புதுவிரல்:
மாறவே இல்ல சார். சி மேஜர் பிடிச்சாலும் ஜி பிடிச்சாலும் அதே எஃப் ஷார்ப், இடையில மேலே ஒரு ஏ ஷார்ப். மினுக்குறது 9ஆம் சேனல்.

நாலரைக்கட்டை:
அப்போ அது பியானோவே இல்ல, டாம்பரின்! ஜெனரல் மிடி (ஒலிகளுக்கான பொது எண் முறை) டிரம் வரிசையில 54ஆம் நோட் டாம்பரின், 70 மராக்காஸ். அதே எண்கள் மெலடி சேனல்ல விழுந்தா எஃப் ஷார்ப்பும் ஏ ஷார்ப்பும். கார்டுக்கு அசைஞ்சு கொடுக்காததும் அதனாலதான்.

ஜெனரல் மிடில டிரம்முக்கு 10ஆம் சேனல் மட்டும்தான். இந்த வகை ஸ்டைல்கள்ல 9 துணை ரிதம், 10 முதன்மை ரிதம், 11 பேஸ், 12ல இருந்து 16 வரைக்கும் கார்டு, பேட், ஃப்ரேஸ். '9ஐயும் டிரம்மா எடுத்துக்கோ'ன்னு சொல்ல பேங்க் எம்எஸ்பி 127 (எந்த ஒலித்தொகுப்புன்னு சொல்ற எண்) அனுப்பும். உங்க பிளேயருக்கு அந்த பாஷை தெரியல. புரோகிராம் 1ஐ (தொகுப்புக்குள்ள எந்த ஒலின்னு சொல்ற எண்) மட்டும் பார்த்திருக்கு. டிரம்முல அது ஸ்டாண்டர்டு கிட், மெலடில கிராண்ட் பியானோ. பிரஷ் கிட்டா (பிரஷ்ஷால உரசி வாசிக்கிற டிரம் ஒலிகள்) இருந்திருந்தா எண் 41, வயலின் கேட்டிருப்பீங்க. அதுக்கு இது தேவலை.

9ஐ அப்படியே 10க்குத் திருப்பி விடுங்க.

புதுவிரல்:
பியானோ போயிடுச்சு! ஆனா டிரம் கெட்டுப்போச்சே. உரசுற மாதிரி மெத்துனு இருந்த ஸ்னேர் இப்போ 'டப் டப்'னு அறையுது.

தாளக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதன்மை ரிதம் பிரஷ் கிட்டில் இருந்திருக்கும். இரண்டு சேனலையும் ஒன்றாக்கியதும் 9இன் புரோகிராம் சேஞ்சும் (புரோகிராம் எண்ணை மாற்றும் செய்தி) 10க்கே போகிறது. கடைசியாக வந்ததுதான் நிற்கும், அதாவது ஸ்டாண்டர்டு கிட். 9இல் உள்ள புரோகிராம் சேஞ்சையும் வால்யூம் செய்தியையும் (சிசி 7) அழித்துவிட்டு அனுப்பினால் பிரஷ் திரும்பிவிடும். ஆனாலும் எனக்கு இந்த வழி பிடிக்காது. நாளைக்கு டாம்பரினை மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சவுண்டுஃபான்டில் டிரம் கிட்டுகள் 128ஆம் பேங்கில் இருக்கும். திருப்பி விட்டதை எடுத்துவிட்டு, பிளேயரிலேயே 9ஆம் சேனலுக்கு பேங்க் 128 வையுங்கள்.

நாலரைக்கட்டை:
ஒத்துக்கறேன். நான் சொன்னது சோம்பேறி வழி.

புதுவிரல்:
128 வச்சதும் சரியாயிடுச்சு, ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னொண்ணும் கேட்டுக்கறேன். டி மைனர் 7 பிடிச்சா திரையில எஃப் 6னு வருது, பேஸும் எஃப் அடிக்குது. இதுவும் ஸ்டைல் கோளாறா?

நாலரைக்கட்டை:
இல்ல, ரெண்டுமே அதே நாலு ஸ்வரம்தான்: டி, எஃப், ஏ, சி. எது அடியில இருக்குன்னு பார்த்துத்தான் அது பேர் வைக்குது போல. எஃப்ல இருந்து பிடிக்கிறீங்களா?

புதுவிரல்:
ஆமா சார், கையை நகர்த்த சோம்பல்பட்டு! டி-யை அடியில வச்சதும் பேஸ் சரியா வருது. ஆனா வேற ஸ்டைல் ஏத்தினேன், 9ஆம் சேனல் மறுபடி மெலடி ஆகிடுச்சு. இந்த வாட்டி நிஜமாவே வயலின் கீச்சிடுது.

தாளக்காரன்:
அந்த ஸ்டைலின் தொடக்கத்தில் ரீசெட் செய்தி (எல்லா அமைப்பையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது) இருக்கும். அது பிளேயரில் நீங்கள் வைத்த 128ஐத் துடைத்துவிடுகிறது. மிடி வடிகட்டியில் ரீசெட்டையும் 9ஆம் சேனலின் பேங்க் செய்தியையும் தடுத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். புரோகிராம் சேஞ்சைத் தொடாதீர்கள், பிரஷ் கிட் அதில்தான் வரும்.

புதுவிரல்:
வயலின் நின்னுடுச்சு.