கம்பளைத் தூணில் ஒரு கோடு: 1947 பெரிதா, 2025 பெரிதா?

ஆற்றங்கரையான்:
இலங்கை மலைநாட்டில், கம்பளைக்கு மேலே, மகாவலி ஆற்றங்கரையோரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் இருக்கிறது. முன்மண்டபத்துக் கல்தூண் ஒன்றில், என் தோளுயரத்தில், உளியால் வெட்டிய ஒரு கோடு உண்டு. ஆண்டு எழுதவில்லை. 1947 ஆகஸ்ட் வெள்ளம் ஏறி நின்ற இடம் அது என்பார் அப்பாயி, என் அப்பாவின் தாயார். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்து ஓய்ந்தபின் சேறு கழுவப் போனோம். புதிய சேற்றுக் கறை அந்தக் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. ஆகவே ‘வரலாறு காணாத வெள்ளம்’ என்று ஆளாளுக்கு எழுதுவதை இனி நிறுத்தலாம்.

அளவுகோல்:
தம்பி, நீர் எந்த உயரத்துக்கு ஏறியது என்பதைத்தான் அந்தக் கோடு சொல்லும். செக்கனுக்கு எத்தனை கனமீற்றர் பாய்ந்தது என்பதைச் சொல்லாது. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகையே தாழ்ந்து கிடக்கிறது. அன்று வந்த அதே நீர் இன்று வந்தால் தாழ்வாகத்தான் ஓடும். கொத்மலை அணை 1985இல் வந்தது. கொத்மலை ஓயா உங்களுக்கு மேலேதான் மகாவலியில் விழுகிறது. நீர்த்தேக்கம் எவ்வளவு பிடித்து வைத்தது, வான்கதவுகள் எப்போது திறந்தன என்று மணிவாரியாகக் கணக்கெடுக்காமல் இரண்டு வெள்ளத்தையும் ஒரே தூணில் நிறுத்தி அளக்கிறீர்கள். ஒருவன் செருப்போடும் மற்றவன் வெறுங்காலோடும் நிற்கும்போது யார் நெட்டை என்று கேட்பது போல் இருக்கிறது.

அது போகட்டும், 1947 என்று அப்பாயிக்கு எப்படித் தெரியும்?

ஆற்றங்கரையான்:
அப்போது அவருக்கு ஏழு வயது, அண்ணன். தன் தகப்பனார் வெளுத்த வேட்டி கட்டி வாக்களிக்கப் போன வருடம் என்று சொல்கிறார்.

அளவுகோல்:
1931இலும் 1936இலும்கூடத் தோட்டத்து மக்கள் பலர் வாக்களித்தார்கள்.

பழைய சேர்:
அந்த அம்மா அப்போது பிறக்கவே இல்லையே ஐயா! நான் நாற்பது ஆண்டு சரித்திரம் படிப்பித்தவன். இதில் மட்டும் குறுக்கிடுகிறேன். 1947 தேர்தல் ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கிச் செப்டெம்பரில் முடிந்தது. நுவரெலியாவில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வென்றது அதில்தான். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் தோட்டத்து மக்களை நாடற்றவராக்கியது; 1949 தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. ஆகவே அந்த ஒரு வாக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் நினைவில் நின்றது. பிள்ளை பிறந்ததையும் ஆள் செத்ததையும் அதை வைத்தே கணக்கிட்டார்கள். வெள்ளத்தை மட்டும் ஏன் கணக்கிட மாட்டார்கள்?

எனக்கு வேறொரு கவலை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. ஆற்றோர லயங்களில் அந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் எத்தனை பேர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் போய்க் கண்ணை மூடினார்களோ! தோட்டத்து ஆபீஸ்களில் அன்றாடம் மழையளவு எழுதினார்கள். 1972, 1975 காணிச் சீர்திருத்தம், 1992இல் கம்பனிகள் என்று தோட்டங்கள் கைமாறக் கைமாற, அந்தப் புத்தகங்களில் பாதி அடுப்புக்குப் போயிருக்கும். ஆளும் போய், ஏடும் போனபின் தூணையும் தள்ளிவிட்டால் மிச்சம் என்ன?

மணற்படுகை:
மண் இருக்கிறது, சேர். பெருவெள்ளம் கிளையாற்று முகத்திலோ பாறை இடுக்கிலோ ஒதுங்கும்போது வேகம் இழந்து மென்மணலை விட்டுச் செல்லும். அடுத்த பெருவெள்ளம் அதன்மேல் இன்னொரு படை போடும். இந்தியாவில் விஸ்வாஸ் காலேயும் அமெரிக்காவின் விக்டர் பேக்கரும் நர்மதைப் பள்ளத்தாக்கில் இப்படித்தான் பழைய வெள்ளங்களைத் தேடினார்கள். எங்கள் ஊரில் கரை இடிந்த இடத்தில் நானே பார்த்தேன்: கறுப்பு மண், அதன்மேல் இரண்டு விரல் தடிப்பில் மைக்கா மினுங்கும் வெளிர்மணல், மீண்டும் கறுப்பு மண். மணலுக்குள் ஒரு தேயிலைக் குச்சி பட்டை உரியாமல் கிடந்தது. மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை ஒளி உமிழ்வு முறையில் கணக்கிடலாம்.

அளவுகோல்:
நர்மதை வேறு, மலைநாடு வேறு. இங்கே இரவில் மண் சரிகிறது, சேறாகவே ஆற்றில் விழுகிறது, சில கிலோமீற்றரில் படிந்துவிடுகிறது. அந்தத் துகள் எங்கே வெயில் கண்டது? போன வருடத்து மணலுக்கு ஆயிரம் வயது என்று விடை வரும். உங்கள் குச்சியைக் கார்பன் முறைக்கு அனுப்பினாலும், கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் வளைகோடு சுமார் 1650 முதல் 1950 வரை வளைந்து நெளிகிறது. ஒரு மாதிரிக்குப் பொருந்தும் காலவரம்புகள் நான்கு வரும். கோப்பிக் காலமா, தேயிலைக் காலமா என்றே பிரிக்க முடியாது.

மணற்படுகை:
அதனால்தான் ஒரே துகளை நம்பாமல் நூற்றுக்கணக்கில் தனித்தனியாக அளந்து, இளைய வயதுக் கூட்டத்தை எடுக்கிறார்கள். 1947க்கு இன்னொரு வழியும் உண்டு. அணுகுண்டுச் சோதனைகள் உதிர்த்த கதிரியக்கச் சீசியம் 1950களில்தான் மண்ணில் சேரத் தொடங்கியது. அது இல்லாத படை அதற்கு முந்தியது. நிலநடுக்கோட்டருகே படிந்தது குறைவு என்று நீங்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். தேடுவது கடினம்.

ஆற்றங்கரையான்:
ஜெர்மனியில் பாசாவ் என்ற ஊரில் நகர மண்டபச் சுவரில் வெள்ளக் குறிகள் இருக்கின்றன. 2013 வெள்ளம் 1501க்குப் பின் மிக உயரமானது என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள். வெள்ளைக்காரன் சுவர் சான்று, நம் கோவில் தூண் கட்டுக்கதையா?

அளவுகோல்:
அங்கே குறியோடு ஆண்டும் இருக்கிறது தம்பி. உங்கள் கோவிலுக்குத் திருப்பணி நடந்திருக்குமே? தூணைத் தூக்கிப் புதுப் பீடத்தில் வைத்தால் கோடும் கூடவே ஏறும். நான்கு விரற்கடை எம்மாத்திரம்?

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்றால், நாளை இந்தக் கோட்டை வைத்து யாராவது ‘இதற்கு மேல் வராது’ என்று லயத்துக்கு இடம் ஒதுக்குவார். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடம் நிம்மதி என்று பொருளல்ல. அது வரும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு. முப்பது வருடம் குடியிருப்பவனுக்கு நூற்றில் 26 பங்கு.

ஆற்றங்கரையான்:
இன்று காலை போய்ப் பார்த்தேன். திருப்பணி நடந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயர்த்தியது தரையைத்தான். தூணின் அடியில் தாமரை இதழ்கள் செதுக்கியிருக்கின்றன; அவற்றின் கீழ்ப்பாதி சீமெந்துக்குள் புதைந்து, மேல்நுனி மட்டும் வெளியே தெரிகிறது. தூணைத் தூக்கியிருந்தால் இதழ் முழுதாக மேலே இருந்திருக்கும். பழைய தரையிலிருந்து பார்த்தால் கோடு தலைக்கு மேல் போகலாம்.

அளவுகோல்:
இதழைப் படம் எடுத்தீர்களா? நல்ல சான்று. செருப்புக் கணக்கு இன்னும் பாக்கிதான். ஆனால் தூண் நகரவில்லை என்பதை ஏற்கிறேன். போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு மட்டக்கருவியோடு வருகிறேன். புகையிரத நிலையப் பலகையில் எழுதிய உயரத்தை நம்பி வேலை தொடங்காதீர்கள். அதுவரை அந்தச் சேற்றுக் கறையை யாரும் கழுவக் கூடாது.

ஆற்றங்கரையான்:
மூன்று தூண்களைக் கழுவிவிட்டார்கள், அண்ணன். நான்காவதைச் சுற்றிச் சாக்குக் கட்டி வைத்திருக்கிறேன்.