கேசெர்ட்ஸ் கோப்பு இருந்தும் ஜாவாவுக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை

உபுண்டு 18.04 சர்வரில் ஓபன்ஜேடிகே 8 போட்டு ஒரு புராஜெக்டை பில்ட் செய்தபோது, தேவையான ஜாவா நூலகங்களை இணையத்திலிருந்து இறக்கும் மேவன் கருவியால் ஒரு ஜார் (நூலகக் கோப்பு) கூட இறக்க முடியவில்லை. 'ட்ரஸ்ட்ஆங்கர்ஸ்' (முன்கூட்டியே நம்பும் ரூட் சான்றிதழ்களின் பட்டியல்) காலியாக இருக்கக் கூடாது என்று பிழை. அடிக்கடி பார்க்கும் 'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு' வேறு ரகம். எதிர்முனை காட்டும் சான்றிதழை நம்மிடம் உள்ள எந்த ரூட் சான்றிதழோடும் இணைக்க முடியவில்லை என்பது அது. இதுவோ, நம்மிடம் ரூட் சான்றிதழே இல்லை என்கிறது.

ஆனால் ஜாவா ரூட் சான்றிதழ்களை வைத்திருக்கும் கேசெர்ட்ஸ் கோப்பு அதன் இடத்தில் இருந்தது. ஜாவாவின் சான்றிதழ்க் கருவியான கீடூலில் 'சேஞ்ச்இட்' என்ற வழக்கமான பாஸ்வேர்டைக் கொடுத்தால் ரூட் சான்றிதழ்கள் வரிசையாக வந்தன. அப்புறம் ஏன்?

கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்ததும் விடை கிடைத்தது. ஜாவாவின் பழைய ஜேகேஎஸ் வடிவம் என்றால் ஹெக்ஸில் 'ஃபீட்ஃபீட்' என்று தொடங்கும். இது 30 82 என்று தொடங்கியது, அதாவது பிகேசிஎஸ்12 என்ற இன்னொரு வடிவம். ஜாவா 9 முதல் அதுதான் டீஃபால்ட். ஜேகேஎஸ்ஸில் பாஸ்வேர்டு, கோப்பை யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்ய மட்டும்தான். அது இல்லாமலேயே சான்றிதழ்களைப் படிக்கலாம். இந்த பிகேசிஎஸ்12 கோப்பிலோ சான்றிதழ்களே என்கிரிப்ட் ஆகியிருந்தன. ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) தானாகக் கேசெர்ட்ஸைத் திறக்கும்போது பாஸ்வேர்டு கொடுப்பதில்லை. அதனால் திறக்கும் இடத்தில் பிழை வராமல் காலிப் பட்டியல்தான் கிடைக்கிறது.

உறுதிப்படுத்த, ஜேவிஎம்முக்கு ட்ரஸ்ட்ஸ்டோர் (நம்பும் சான்றிதழ்கள் உள்ள கோப்பு, இங்கே கேசெர்ட்ஸ்) பாஸ்வேர்டை ஆப்ஷனாகக் கொடுத்தேன். பில்ட் ஓடியது. நிரந்தரத் தீர்வுக்கு, சான்றிதழ் பேக்கேஜைப் புதுப்பித்து, பழைய கேசெர்ட்ஸை அழித்துவிட்டு, அப்டேட்-சிஏ-சர்டிஃபிகேட்ஸ் கட்டளையை '-எஃப்' சேர்த்து ஓட்டினேன். அழிப்பது முக்கியம். இல்லாவிட்டால் பழைய வடிவமே தங்கிவிடும்.

இந்த மாதிரிப் பிழை வந்தால் 'எல்லாச் சான்றிதழையும் நம்பு' என்று ஒரு ட்ரஸ்ட்மேனேஜர் (சான்றிதழைச் சரிபார்க்கும் நிரல் பகுதி) எழுதிப் போடச் சொல்பவர்கள் நிறைய. தயவுசெய்து செய்யாதீர்கள். நடுவில் யார் நின்று போலிச் சான்றிதழ் நீட்டினாலும் நிரல் ஏற்றுக்கொள்ளும். அந்த வரி அப்படியே புரொடக்‌ஷனுக்கும் போய்விடும்.

அலுவலக ப்ராக்ஸியின் சான்றிதழைச் சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று: தனிக் கோப்பு செய்து ட்ரஸ்ட்ஸ்டோர் ஆப்ஷனில் காட்டினால் அது கேசெர்ட்ஸோடு சேராது, அதன் இடத்தையே பிடித்துக்கொள்ளும். கேசெர்ட்ஸை ஒரு நகல் எடுத்து, அதில் கீடூலால் சேர்த்து, அந்த நகலைக் காட்டுங்கள்.