விலாங்கு, பனையேறி மீன்கள்: குட்டையில் எதை விடலாம்?

ஏரிக்கரை: காவேரிப்பாக்கம் ஏரியில் விலாங்கும் பனையேறியும் கிடைத்தன. வெளியே போட்டும் ரெண்டும் நெளிகின்றன, எப்படி? குட்டையில் விட்டால் எது பெருகும்?

பாலாறு: பனையேறிதான் தம்பி. விலாங்கு ஏரி குளத்தில் வருஷக்கணக்கில் வளரும், ஆனால் முட்டையிடக் கடலுக்குத்தான் போகும், நம் பாலாற்றில் தண்ணீர் ஓடினால்தானே அதற்கு வழி? அதைக் குட்டையில் அடைக்காதீங்க, பாவம்.

தூண்டில்: பனையேறிக்கு செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு, வாயால் காற்றை விழுங்கி அதில் மூச்சு விடும், ஈரமிருந்தால் மணிக்கணக்கில் தாங்கும். விலாங்கு ஈரத்தோல் வழியாகவும் மூச்சு விடும், தோல் காய்ந்தால் அவ்வளவுதான். அப்புறம், பனையேறியின் செவுள் மூடி ரம்பம் மாதிரி கிழிக்கும், பார்த்துப் பிடிங்க.

பாலாறு: விலாங்கின் வேகாத ரத்தத்தில் நஞ்சு உண்டு, கண்ணில் படக்கூடாது. நன்றாக வேகவைத்தால் பயமில்லை.