ஏழு மணித்தியாலத்திலை மூண்டு விளையாட்டு: ஒலிம்பிக் தூரத்துக்குக் கிழமையை எப்பிடிப் பிரிக்கிறது?

கொக்குவிலான்:

வணக்கம். மாசிக் கடைசியிலை தெற்கிலை ஒரு ஒலிம்பிக் தூர ட்ரையத்லன் செய்ய யோசினை. 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம். கையிலை 17 கிழமை இருக்கு.

நிலைமை இதுதான். வேலை காலமை 8.30 – பின்னேரம் 4.15, யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ளை. மனுசி தாதி, டியூட்டி காலமை, பின்னேரம், இரவு எண்டு மாறும். செவ்வாய், வியாழன் பின்னேரம் 6.15க்குப் பிள்ளையளை ரியூசனிலை விட்டு 8 மணிக்கு ஏத்த வேணும். மொத்தமா ஏழு மணித்தியாலம் கிடைக்கும். நிறை 74 கிலோ. தடாகத்திலை 200 மீற்றர் 4:10, 400 மீற்றர் 9:00. 10 கிலோமீற்றர் ஓட்டம் 58 நிமிசம். சைக்கிள் அலுமினியம், 25 மில்லிமீற்றர் ரயர்.

கிழமை நாளிலை விட்டதையெல்லாம் ஞாயிறிலை சேத்துச் செய்யிறன். இப்ப கணைக்கால் எலும்பின்ரை உள்பக்கம் நோகுது. எதைக் குறைக்கிறது, எதைக் கூட்டுறது?

புழுக்கொடியல்:

தம்பி, நோவுக்குக் காரணத்தை நீங்களே எழுதிப்போட்டியள். ஞாயிறிலை சேத்துச் செய்யிறதை இண்டையோடை விடுங்கோ. தவறின பயிற்சி தவறினதுதான், அது கடனில்லை, அடைக்கத் தேவையில்லை.

முதல்லை பயிற்சியை எழுதாதேங்கோ, வீட்டை எழுதுங்கோ. மனுசியின்ரை மாச ரோஸ்டர் வந்தவுடனை குளிர்சாதனப்பெட்டிக் கதவிலை ஒட்டி, அதுக்கு மேலை பென்சிலாலை உங்கடை பயிற்சியைப் போடுங்கோ. அவ பின்னேர டியூட்டி எண்டால் காலமை 5 – 6.15 உங்களுக்கு. காலமை டியூட்டி எண்டால் பிள்ளையளின்ரை சாப்பாடும் பள்ளிக்கூடமும் உங்கடை தலையிலை, 5.45க்குப் பிறகு வெளியிலை நிக்கேலாது. இரவு டியூட்டி எண்டால் விடிய வெளிக்கிடவே ஏலாது. அந்த நாளுக்குத்தான் பின்சில்லைப் பூட்டி மிதிக்கிற ட்ரெயினர். ஐம்பது நிமிசம் காணும். முன்னாலை காத்தாடி கட்டாயம் வேணும், இல்லாட்டில் பத்து நிமிசத்திலை இதயத்துடிப்பு வேலையாலை இல்லை, வெக்கையாலை ஏறும்.

கண்ணுக்கு முன்னாலை கிடக்கிற நேரம் ரியூசன் நேரம். 6.15க்கு இறக்கி விட்டிட்டு மற்ற அப்பாமார் மதிலிலை சாய்ஞ்சு போன் பாக்கிற அந்த ஒண்டே முக்கால் மணித்தியாலம்தான் உங்கடை நீச்சல். 6.30க்கு தண்ணியிலை, 7.30க்கு வெளியிலை. செவ்வாயும் வியாழனும் அது அசையக்கூடாது.

மிச்சம் இப்பிடி வரும். புதன் காலமை சைக்கிள் 60 நிமிசம். அதுக்குள்ளை 10 நிமிசம் சூடாக்கிப்போட்டு, ஒரு வசனத்துக்கு மேலை கதைக்க ஏலாத வேகத்திலை 8 நிமிசம் மூண்டு தரம், இடையிலை 4 நிமிசம் ஆறுதல். வெள்ளி காலமை ஓட்டம் 40 நிமிசம், அதிலை நடு 20 நிமிசம் போட்டி வேகம். ஞாயிறு 5.15க்கு வெளிக்கிட்டு சைக்கிள் இரண்டு மணித்தியாலம், இறங்கின கையோடை 15 நிமிசம் ஓட்டம். எட்டு மணிக்கு முதல் வீட்டிலை நிண்டால் சந்தைக்கும் நீங்களே போகலாம், அது பெரிய முதலீடு. சனி காலமை மெதுவா 45 நிமிச ஓட்டம். திங்கள் ஓய்வு, வேணுமெண்டால் 20 நிமிசம் குதிக்கால் தூக்கலும் குந்தி எழும்பலும்.

கூட்டிப் பாருங்கோ: நீச்சல் 2, சைக்கிள் 3, ஓட்டம் 1 மணி 40 நிமிசம். சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு எண்டால், மூண்டு மணித்தியாலத்திலை முடிக்கிற ஆளுக்குக் கிட்டத்தட்ட பாதி நேரம் சைக்கிளிலைதான் போகுது. காலுக்கு அடியும் குறைவு.

கிழமை முழுக்கக் குழம்பினால் மூண்டை மட்டும் காப்பாத்துங்கோ: ஞாயிறுச் சைக்கிளும் ஓட்டமும், ஒரு நீச்சல், வெள்ளி ஓட்டம். நித்திரையிலை மட்டும் கை வைக்காதேங்கோ. ஆறு மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச இரவுக்கு அடுத்த நாள் வேகப் பயிற்சி வேண்டாம், மெதுவாச் செய்யுங்கோ இல்லாட்டில் படுங்கோ.

தடாகத்தவளை:

புழுக்கொடியல் சொன்னதிலை ஒரு இடத்திலை ஒத்துவரமாட்டன். முதல் ஆறு கிழமைக்கு நீச்சல் மூண்டு தரம் வேணும், மூண்டாவது 30 நிமிசம் எண்டாலும் பரவாயில்லை. சனி ஓட்டத்தை எடுத்துப்போட்டு அதைப் போடலாம், கணைக்காலுக்கும் நல்லது. நீச்சல் உடம்புப் பலத்தை விடப் பழக்கம். ஐந்து நாள் தண்ணியைத் தொடாட்டில் கை பிடிக்கிற உணர்வு போயிடும்.

உங்கடை கணக்கைப் பாப்பம். 400இன்ரை நேரத்திலை 200இன்ரை நேரத்தைக் கழிச்சு இரண்டாலை பிரிச்சால், நீங்கள் சீராத் தாங்கக்கூடிய 100 மீற்றர் வேகம் வரும். 9:00இலை 4:10 போனால் 4:50, பாதி 2:25. அந்த வேகத்திலை 1500 மீற்றர் 36 நிமிசம். கடலிலை நேர்கோட்டிலை போகமாட்டியள், 39 எண்டு வையுங்கோ.

ஆனால் 200ஐ நூறுக்கு 2:05இலை நீந்துற ஆள் 2:25க்கு விழுறது பெரிய விழுகை. சுவாசம் எடுக்கத் தலையைத் தூக்குறியள் எண்டு நினைக்கிறன். தலை எழும்ப இடுப்பு தாழும், கால் பிறேக் மாதிரி இழுக்கும். நீச்சல் கண்ணாடியின்ரை ஒரு பக்கம் தண்ணிக்குள்ளையே நிக்க, வாய்க் கடைவாயாலை மட்டும் எடுக்கப் பழகுங்கோ. தலை தண்ணிக்குள்ளை நிக்கேக்கை மூச்சை முழுக்க விடுங்கோ. விடாமல் வைச்சிருக்கிறதாலைதான் பலருக்கு 100 மீற்றரிலை நெஞ்சடைக்குது, காத்துக் குறைஞ்சதாலை இல்லை.

செவ்வாய்: 200 மெதுவா, 50 மீற்றர் நாலு தரம் சுவாசப் பழக்கம், பிறகு 100 மீற்றர் எட்டுத் தரம் 2:25இலை, இடையிலை 15 செக்கன். முதல் நூறு 2:15 வந்தால் பிழை. எட்டும் ஒரே நேரம் வரவேணும். வியாழன்: 400 மீற்றர் மூண்டு தரம் 2:35 வேகத்திலை, 30 செக்கன் ஆறுதல். ஆறு கிழமைக்கு ஒருக்கா 400உம் 200உம் திரும்ப அளந்து கணக்கை மாத்துங்கோ.

கடல்: இப்ப வேண்டாம். ஐப்பசியிலையிருந்து தை வரை வாடை (வடகிழக்குக் காத்து), வடகரை முழுக்கக் கொந்தளிக்கும். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, கசூரினா ஒண்டும் சரிவராது. பண்ணைக் கடல் பக்கம் ஆழமில்லை, சேறு, மழைக்கு வாய்க்கால் எல்லாம் அங்கைதான் வந்து விழும். கீரிமலைக் கேணி பிதிர்க்கடனுக்கும் தீர்த்தத்துக்கும் வாற சனத்தின்ரை இடம், அதிலை நீளம் அடிச்சுக்கொண்டு நிக்கிறது அழகில்லை. தைக்குப் பிறகு காத்து அடங்கின நாள் பாத்து, அண்டைக்குக் கடற்றொழிலுக்குப் போன ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டு கசூரினாவிலை நாலைஞ்சு தரம் இறங்கினால் காணும். நெஞ்சளவு தண்ணியிலை கரைக்குச் சமாந்தரமா நீந்துங்கோ. எட்டுக் கைக்கு ஒருக்கா முதலை மாதிரிக் கண்ணை மட்டும் தூக்கி, கரையிலை உயரமா நிக்கிற ஒரு பனையைக் குறி வையுங்கோ. அதைத் தடாகத்திலையே பழகலாம்.

தனிய இறங்கவே கூடாது. இடுப்பிலை செம்மஞ்சள் மிதவை கட்டுங்கோ. 1971இலை பாக்குநீரிணையைப் போய்த் திரும்பி நீந்தின ஆழிக்குமரன் ஆனந்தனுக்கே பக்கத்திலை படகு போனது.

நெருஞ்சிமுள்:

சைக்கிள் பற்றி மட்டும்.

வாடையிலை ஞாயிறுப் பாதையை மாத்துங்கோ. எல்லாரும் பண்ணைப் பாலத்தாலை வேலணை, புங்குடுதீவு எண்டு போவினம். வாடைக்குப் போகேக்கை காத்து முதுகிலை, 35இலை பறக்கலாம், பெரிய வீரன் மாதிரி இருக்கும். திரும்பேக்கை களைச்ச காலோடை வெறும் கடலுக்கு நடுவிலை எதிர்க்காத்து, ஒதுங்க ஒரு மரமில்லை. காங்கேசன்துறை றோட்டாலையோ பலாலி றோட்டாலையோ வடக்கை போங்கோ: போகேக்கை எதிர்க்காத்து, வரேக்கை தள்ளும். தீவுப்பக்கம்தான் போறதெண்டால் இரண்டு மணித்தியாலத்திலை 50 நிமிசத்திலையே திரும்புங்கோ. வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காத்து) தொடங்கினால் கணக்கு மறுவளம், அப்ப பண்ணைதான் நல்லது.

பாலத்தாலை போய் வந்தால் அண்டைக்கே உப்பைக் கழுவ வேணும். நல்ல தண்ணியாலை. தீவுக் கிணத்து உவர்த்தண்ணியாலை கழுவுறது உப்பைக் கழுவி உப்புப் பூசுற வேலை. துடைச்சுப்போட்டு செயினுக்குச் சைக்கிள் எண்ணெய், கண்ணிக்கு ஒரு துளி, பத்து நிமிசம் விட்டு வெளிப்பக்கத்தைத் துணியாலை முழுக்கத் துடைக்க வேணும். தேங்காயெண்ணெய் விடாதேங்கோ, செம்மண் தூசியைப் பிடிச்சு அரைச்ச களியாகும்.

காத்து: 74 கிலோவுக்கு 25 ரயர் எண்டால் பின் 85 PSI, முன் 80. மழை றோட்டுக்கு இரண்டிலையும் ஐஞ்சு குறையுங்கோ.

இனி நெருஞ்சி. ரியூப்பைக் கழட்ட முதல் வால்வுக்கு நேரை ரயரிலை என்ன எழுத்திருக்கெண்டு பாத்து வையுங்கோ. ரியூப்பிலை ஓட்டையைக் கண்டுபிடிச்சால் வால்விலையிருந்து அளந்து ரயரிலை அதே இடத்துக்குப் போகலாம். ரயரின்ரை உள்பக்கத்தைப் பழைய துணியாலை சுத்தித் துடையுங்கோ, முள் நிண்டால் துணி இழுபடும். விரலை விட்டால் விரலிலை ஏறும். நெருஞ்சி ஒத்தை முள்ளாலை குத்திறதில்லை, அதாலை ஒரு ஓட்டையை ஒட்டின உடனை சந்தோசப்படாதேங்கோ, தண்ணிக்குள்ளை பிடிச்சு மற்றதையும் பாருங்கோ. நுனி ரப்பருக்குள்ளை முறிஞ்சு நிக்கும், நகவெட்டியாலை இழுங்கோ. அதை எடுக்காமல் புது ரியூப் போட்டால் அரை மணித்தியாலத்திலை அதுவும் போயிடும். பிறகு ரியூப்புக்குக் கொஞ்சம் காத்து அடிச்சு உருட்டாக்கிப் போட்டு, ரயர் விளிம்புக்குக் கீழை ரியூப் நசியேல்லை எண்டு இரண்டு பக்கமும் சுத்திப் பாத்துத்தான் முழுக்க அடிக்க வேணும். ஓட்டை பக்கத்துப் பக்கத்திலை இரண்டு இருந்தால் அது முள் இல்லை, காத்துக் குறைவிலை பள்ளத்திலை அடிச்சு நசிஞ்சது.

மெல்லிய வால்வு எண்டால் அடப்டர் ஒண்டு பையிலை இருக்கட்டும், சந்திக் கடைப் பம் எல்லாத்துக்கும் அது பொருந்தாது. விடிய 5.15க்கு முன் பின் வெளிச்சம் கட்டாயம். கார் வெளிச்சம் தெரியும், றோட்டிலை படுத்திருக்கிற கறுத்த மாடு தெரியாது.

வேப்பநிழல்:

கணைக்கால், சாப்பாடு பற்றி மருத்துவப் பக்கத்திலிருந்து சில வரிகள்.

எலும்பின் உள் விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே மேலிருந்து கீழே வாருங்கள். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் நீளமாகப் பரவலாக நொந்தால், பெரும்பாலும் அது திடீரெனச் சுமை கூடியதால் வந்த அழற்சி. ஓட்டத்தை இரண்டு கிழமைக்குப் பாதியாக்கி, கொங்கிறீற் றோட்டை விட்டுச் செம்மண் ஒழுங்கையில் ஓடி, ஒருநாள் விட்டு ஒருநாள் குதிக்காலைத் தூக்கி இறக்குவதை ஒரு சுற்றுக்கு 15 தடவையாக மூன்று சுற்றுச் செய்தால் பொதுவாகக் குறையும். ஆனால் ஒரே புள்ளியில் குத்தினால், இரவில் படுத்திருக்கும்போதும் நொந்தால், ஒற்றைக்காலில் துள்ள முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். எலும்பில் மயிர்க்கோட்டு வெடிப்பு இருந்தாலும் தொடக்கத்தில் எக்ஸ்றேயில் தெரியாமல் போகலாம். படம் சுத்தம் என்று மறுநாள் ஓடக்கூடாது. சைக்கிளையும் நீச்சலையும் நோவில்லாமல் தொடரலாம்.

வெள்ளம் நின்ற ஒழுங்கையில் காலில் புண்ணோடு ஓடாதீர்கள். 2024 மார்கழியில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியது நினைவிருக்கும்.

வியர்வையை அளப்பது எளிது. ஓடமுன் உடுப்பில்லாமல் நிறை பாருங்கள், ஒரு மணித்தியாலம் ஓடி, துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். 1.1 கிலோ குறைந்து, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்திருந்தால் இழப்பு 1.4 லீற்றர். அவ்வளவையும் குடித்து நிரப்ப வேண்டாம், வயிறு ஏற்காது. மணிக்கு 600 – 800 போதும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், அது தாகத்தை விட ஆபத்து.

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். கடைப் பானத்துக்கு இது குறைந்ததல்ல. ஜீவனி என்ற உப்புக்கரைசல் வயிற்றோட்டத்துக்கானது, அதில் உப்பு அதிகம், சீனி குறைவு, அதை மட்டும் நம்பி இரண்டு மணித்தியாலம் மிதிக்க முடியாது. சைக்கிளில் மணிக்கு 30 – 60 கிராம் மாச்சத்து வேண்டும். சின்ன வாழைப்பழம் ஒன்றில் 15 – 20 கிராம் வரும். பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு சேர்ட்டுப் பையில் போடலாம், ஓலை இருக்கும்வரை வியர்வையில் ஒட்டாது.

ஓடமுன் புட்டு வேண்டாம், தேங்காய்ப்பூவும் நாரும் வயிற்றில் கிடந்து குலுக்கும். இரண்டு துண்டுப் பாண், ஜாம் போதும். புட்டும் மீன்குழம்பும் வந்தபிறகு.

கொக்குவிலான்:

எல்லாருக்கும் நன்றி. விரலாலை அழுத்திப் பாத்தன், ஒரு சாண் நீளத்துக்குப் பரவலா நோகுது, புள்ளியா இல்லை. சனி ஓட்டத்தை நீச்சலாக்கிறன். இன்னும் ஒண்டு: கந்தசஷ்டி ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு, கடைசி நாள் உபவாசம். அதையும் விடமாட்டன்.

புழுக்கொடியல்:

விடத் தேவையில்லை. நாலு கிழமைக்கு ஒருக்கா எப்பிடியும் சுமையைக் குறைக்க வேணும், அந்தக் கிழமையைக் கொண்டுபோய் சஷ்டியிலை வையுங்கோ. நேரத்தை நாப்பது வீதம் குறைச்சு, எல்லாம் கதைச்சுக்கொண்டு செய்யிற வேகம். பயிற்சியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வையுங்கோ, முடிச்சவுடனை சாப்பிடலாம். உபவாச நாள் ஒண்டும் வேண்டாம், கோயில் வீதியைச் சுத்துறதே காணும். பாரணைக்கு அடுத்த நாளும் மெதுவாத்தான். நீரிழிவு மருந்து எடுக்கிறவை இதைப் பாத்துச் செய்யாமல் வைத்தியரைக் கேளுங்கோ.

நெருஞ்சிமுள்:

அந்தக் குறைஞ்ச கிழமையிலை ரயரைக் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ. கட்டாயம் ஒரு முள் நிக்கும்.