லாஸ்பேட்டை டு மஞ்சக்குப்பம்: வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் காரிலேயே ஏத்திடலாமா?

மஞ்சக்குப்பம்வாசி:

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு காலி பண்ணுறவங்ககிட்ட ரெண்டு பொருள் விலை பேசி முடிச்சாச்சு. ஒண்ணு 7 கிலோ ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின். உயரம் 85, அகலம் 60, ஆழம் 55 சென்டிமீட்டர். பின்னாடி ஸ்டிக்கரில் எடை 64 கிலோன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு ரெண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்: 155 உயரம், 56 அகலம், 66 ஆழம். என்கிட்ட வேகன்ஆர், மச்சான்கிட்ட எர்டிகா. இறக்க வேண்டியது கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதல் மாடி, நடுவில் ஒரு திருப்பம் உள்ள படிக்கட்டு.

முப்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற தூரத்துக்குத் தனி வண்டி எதுக்குன்னு வீட்டில் கேக்குறாங்க. ஃப்ரிட்ஜைப் படுக்க வெச்சா கெட்டுடும்னு ஒருத்தர், அதெல்லாம் பழைய பேச்சுன்னு இன்னொருத்தர். எதை நம்புறது?

ஸ்பேனர்செட்:

மெஷின் விஷயத்தில் எடையை விட உள்ளே தொங்கிக்கிட்டு இருக்கிறதைப் பத்தித்தான் கவலைப்படணும். ஃப்ரண்ட் லோடில் தண்ணி நிக்கிற டப், அதுக்குள்ள துணி சுத்துற டிரம், மோட்டார், அதோட கட்டியிருக்கிற கான்கிரீட் கட்டிங்க எல்லாமே மேலே ரெண்டு ஸ்பிரிங்கில் தொங்குது, கீழே டேம்பர், அதாவது ஆட்டத்தை அடக்குற தண்டு, தாங்குது. துணி சுத்தும்போது ஆடுறதுக்காக அப்படி வெச்சிருக்காங்க. கார் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதும் அது அதே மாதிரி ஆடும். ஸ்பிரிங் கொக்கி கழண்டா டப் பக்கத்துத் தகட்டில் மோதும், டேம்பர் பிடுங்கிக்கும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வீட்டில் ஸ்பின் போட்டதும்தான் 'டம் டம்'னு தெரியும்.

இதைத் தடுக்கத்தான் டிரான்சிட் போல்ட், டப்பை அசையாம மெஷின் உடம்போட பூட்டுறது. புது மெஷினோடயே வரும். மெஷின் முதுகில் பிளாஸ்டிக் மூடி போட்ட ஓட்டை மூணோ நாலோ இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். மூடியை நெம்பி எடுத்துட்டு, ரப்பர் புஷ்ஷோட இருக்கிற போல்ட்டை விட்டு இறுக்கணும். 10 இல்லைன்னா 13 எம்எம் ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் வைக்கும்போது டப் கொஞ்சம் கீழே தொங்கி ஓட்டை நேருக்கு வராது. ஒருத்தர் கதவுக்குள்ள கையை விட்டு டிரம்மைத் தூக்கிப் பிடிச்சா போல்ட் தானா உக்காரும்.

அதுக்கு முன்னாடி தண்ணியை எடுக்கணும். குழாயை மூடிட்டு இன்லெட் ஹோஸைக் கழட்டுங்க, டிரெயின் ஒரு தடவை ஓட்டுங்க. அதோட தண்ணி தீர்ந்துடாது. முன்பக்கம் கீழே மூலையில் சின்னக் கதவு இருக்கும், உள்ளே பம்ப் ஃபில்டர். தட்டையான தட்டு ஒண்ணு, பழைய துண்டு ஒண்ணு வெச்சுக்கிட்டு மெதுவா திருகுங்க, ஒண்ணு ரெண்டு லிட்டர் வரும். இதை விட்டுட்டு மெஷினைச் சாய்ச்சா அந்தத் தண்ணி போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும், எலெக்ட்ரானிக் போர்டு வரைக்கும். சோப்புத் தட்டையும் உருவித் துடைச்சுத் தனியா எடுத்துக்குங்க.

வேகன்ஆர் டிக்கி வாசலில் 85 உயரம் நிக்கிற வேலை நடக்காது. எர்டிகாவில் பின் ரெண்டு வரிசையையும் மடிச்சுப் பாருங்க. வாசலை நடுவில் மட்டும் அளக்காதீங்க. மேல் விளிம்பு ஓரத்தில் வளைஞ்சு இறங்கும், மெஷினோட மூலை அங்கதான் இடிக்கும். ரெண்டு ஓரத்திலும் அளந்து அதில் குறைஞ்ச அளவை எடுத்துக்குங்க. ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான் இடிக்குதுன்னா, நாலு காலையும் முழுசா உள்ளே திருகினாலே ஒரு சென்டிமீட்டர் கிடைக்கும். நிக்கவே நிக்காதுன்னா போல்ட் போட்ட பிறகு பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். கண்ணாடிக் கதவு கீழே வர்ற மாதிரி கவிழ்க்கவே கூடாது.

கம்ப்ரசர்காது:

ஃப்ரிட்ஜ் பத்தி. படுக்க வெச்ச உடனே கெட்டுடும்கிறதும் தப்பு, ஒண்ணும் ஆகாதுங்கிறதும் தப்பு. கம்ப்ரசர் அந்தக் கறுப்புக் குடுவைக்குள்ள ஸ்பிரிங் மேலே உக்காந்திருக்கு, அடியில் எண்ணெய் நிக்குது. படுக்க வெச்சா எண்ணெய் மெல்ல குழாய் வழியா வெளியே இறங்கும். வந்து இறக்கின உடனே பிளக் போட்டா கம்ப்ரசர் எண்ணெய் இல்லாம ஓடும், போன எண்ணெய் கேபிலரியில் போய் அடைக்கும். கேபிலரின்னா உள்ளே நூல் மாதிரி ஓட்டை இருக்கிற செப்புக் குழாய், அதில் எண்ணெய் தேங்கி அடைச்சா கூலிங் போச்சு. இது காத்திருந்தா சரியாகிற விஷயம்: படுத்து வந்த ஃப்ரிட்ஜை நிமித்தி வெச்சு ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க. நின்னுக்கிட்டே வந்ததுன்னா ரெண்டு மூணு மணி நேரம் போதும்.

காத்திருந்தும் சரியாகாதது அந்த ஸ்பிரிங். படுத்த நிலையில் குலுங்கினா கம்ப்ரசர் அதிலிருந்து நழுவும். அதுக்கப்புறம் ஓடும்போதெல்லாம் தகரத்தில் தட்டுற சத்தம்தான், வெளியிலிருந்து சரிபண்ண வழி கிடையாது.

என் முடிவு: மெஷினை எர்டிகாவில் கொண்டுவாங்க, ஃப்ரிட்ஜுக்கு ஒரு குட்டியானை (டாடா ஏஸ் வண்டி) சொல்லுங்க. ஃப்ரிட்ஜும் காரில்தான்னா முதுகு கீழே வரக்கூடாது, கதவு கீழே வரக்கூடாது, பக்கவாட்டில்தான். எந்தப் பக்கம்னு பின்னாடி எட்டிப் பார்த்தாலே தெரியும். கம்ப்ரசரிலிருந்து குழாய்ங்க எந்தப் பக்கமா வெளியே வருதோ அந்தப் பக்கம் மேலே இருக்கணும்.

முந்தின நாளே பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்து வைங்க. கண்ணாடித் தட்டு, காய்கறி டப்பா எல்லாம் வெளியே. கம்ப்ரசருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணி நிக்கும், எல்லாரும் மறக்கிறது அதைத்தான். ஸ்பாஞ்ச் விட்டு ஒத்தி எடுங்க, இல்லைன்னா அந்த நாத்தம் கார் சீட்டை விட்டுப் போகாது. கதவை ஒட்ட பிரவுன் டேப் வேண்டாம், பெயின்ட் அடிக்கிறவங்க ஒட்டுற மாஸ்கிங் டேப் வாங்குங்க. பின்பக்க ஸ்டிக்கரில் ஆர்600ஏ-ன்னு போட்டிருந்தா அது பத்திக்கிற வாயு. குழாய் நசுங்கிட்டதுன்னு சந்தேகம் வந்தா பிளக் போடாம, ஜன்னலைத் திறந்து வெச்சு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

மஞ்சக்குப்பம்வாசி:

ரொம்ப நன்றி. ரெண்டு சிக்கல். டிரான்சிட் போல்ட்டை அவங்க தொலைச்சுட்டாங்க. அப்புறம், ஃப்ரிட்ஜ் எர்டிகாவில் படுத்தா கால் பக்கம் ஒரு சாண் வெளியே நிக்கும்போல. டிக்கிக் கதவைக் கயித்தால் கட்டிட்டு ஓட்டிடலாம்னு மச்சான் சொல்றார்.

ஸ்பேனர்செட்:

போல்ட் முதல்ல. மாடல் நம்பரைச் சொன்னா சர்வீஸ் சென்டரில் தருவிச்சுத் தருவாங்க. சும்மா ஹார்டுவேர் கடை போல்ட்டைப் போடாதீங்க, ரப்பர் புஷ்ஷும் நீளமும் சரியா இல்லைன்னா டப் அசையும், இல்லை டப்பையே ஓட்டை போட்டுடும்.

நாளைக்கே எடுத்தாகணும்னா மேல் மூடி. பெரும்பாலான மெஷினில் பின்னாடி ரெண்டு ஸ்க்ரூ கழட்டிட்டுப் பின்பக்கமா தள்ளினா மூடி வந்துடும். டப்புக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நாலு பக்கமும் பழைய தலையணை, மடிச்ச போர்வைன்னு இறுக்கித் திணிங்க. கையால் டிரம்மை அழுத்தினா அசையவே கூடாது. ஒயரையும் போர்டையும் நசுக்கிடாதீங்க. இப்படிச் செஞ்சா நிக்க வெச்சு மட்டும்தான் கொண்டுபோகணும், படுக்க வைக்கிற பேச்சே வேண்டாம். திணிச்சது எத்தனை உருப்படின்னு எழுதி மெஷின் மேலேயே ஒட்டிடுங்க. ஒண்ணு உள்ளேயே தங்கிட்டா பெல்ட்டில் சிக்கும்.

பெண்ணையாத்துப்பாலம்:

டிக்கி திறந்த யோசனையை மச்சான்கிட்டயே விட்டுடுங்க. கார் ஓடும்போது பின்பக்கம் காத்து சுழன்று சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும், அதில் வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. நம்பர் பிளேட்டும் மறையும். அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கிட்டு ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)படி அபராதம் 20,000 ரூபாய், சரக்கை இறக்குற செலவும் உங்க தலையில்தான். 2019 திருத்தத்தில் வந்தது. கூரைக் கேரியரும் வேண்டாம்: பல காரில் அந்த ரெயில் அழகுக்குத்தான், ஃப்ரிட்ஜ் எடையைத் தாங்காது.

மெஷினுக்கு: மடிச்ச சீட் சமமா இருக்காது, 12 எம்எம் பிளைவுட் ஒண்ணு போட்டு மேலே கனமான போர்வை விரிங்க. தூக்காம சறுக்கி உள்ளே தள்ளலாம். முன் சீட்டு முதுகை ஒட்டி நிறுத்துங்க. இடைவெளி விட்டா பிரேக் அடிக்கிறப்ப 64 கிலோ ஓடி வந்து மோதும். அது எந்த சீட்டுக்குப் பின்னால் இருக்கோ அந்த சீட்டில் ஆள் வேண்டாம். கட்ட ராட்செட் பெல்ட் (கைப்பிடியால் இறுக்குற பட்டை) ரெண்டு. நைலான் கயிறு இழுத்துக் கட்டினாலும் கொஞ்ச தூரத்தில் தளரும். டிக்கியில் பை மாட்டுற பிளாஸ்டிக் கொக்கியில் கட்டாதீங்க, சீட் தரையோட போல்ட் பண்ணியிருக்கிற இரும்பில் கட்டுங்க. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் முழு லோடுக்கு எவ்வளவு காத்துன்னு இருக்கும், பின் டயருக்கு அதை அடிச்சுக்குங்க. ராத்திரின்னா ஹெட்லைட் லெவல் திருகை இறக்குங்க, பின்னாடி அமுங்கினா வெளிச்சம் எதிரே வர்றவன் கண்ணில் அடிக்கும்.

குட்டியானை பேசும்போது கூலியோட மூணு கேளுங்க: தமிழ்நாட்டுக்குள்ள வர பர்மிட் இருக்கா, மாடி ஏத்துறதும் சேர்த்தா, கயிறும் பாயும் இருக்கா. பாண்டி வண்டிங்க சில மாநில எல்லை தாண்டாது. தொட்டி ஏழடி நீளம், ஃப்ரிட்ஜை கேபின் பக்கம் முதுகு வெச்சு நிக்க வெச்சுக் கட்டினா அசையாது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம்னு ஊருக்கு ஊர் வேகத்தடை, காலையில் சீக்கிரம் கிளம்பினா மெதுவா ஏறி இறங்கலாம்.

இன்னொண்ணு. எல்லையில் இருக்கிற முள்ளோடை தாண்டினதும் மதுவிலக்கு சோதனை இருக்கும். பாண்டியிலிருந்து போர்வை சுத்தி, கயிறு போட்டு ஒரு ஃப்ரிட்ஜ் வந்தா அதைத் திறக்கச் சொல்லாம விடுவாங்களா? கயித்தைக் கதவுக்குக் குறுக்கே பல சுத்து போடாம, ஒரு பெல்ட்டை அவிழ்த்தா திறக்கிற மாதிரி கட்டுங்க. வித்தவங்க கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டு ஒண்ணும் மேல் பாக்கெட்டில் இருக்கட்டும்.

கம்ப்ரசர்காது:

படிக்கட்டுக்கு ஒரு வார்த்தை. ஃப்ரிட்ஜோட கனமெல்லாம் கம்ப்ரசர் இருக்கிற அடிப்பக்கம்தான். அடிப்பக்கம் கீழே, பலமான ஆள் கீழே. மேலே இருக்கிறவர் சாய்மானம் மட்டும் பார்த்துக்கிட்டா போதும், 45 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். திருப்பத்தில் சுவருக்கும் கைப்பிடிக்கும் உள்ள அகலத்தை இன்னிக்கே அளந்துடுங்க. 66 ஆழம் திரும்பலைன்னா கதவைக் கழட்டலாம். மேல் கீலுக்குள்ள ஒயர் வந்தா, அதன் கனெக்டரைப் பிரிச்சுட்டுத்தான் கழட்டணும்.

ஸ்பேனர்செட்:

மேலே போனதும் தலையணை எல்லாம் வெளியே எடுத்தாச்சான்னு மெஷின் மேலே எழுதி ஒட்டினதைப் பார்த்து எண்ணுங்க. போல்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தா முதல் ஓட்டத்துக்கு முன்னாடி கழட்டணும், மறந்தா ஸ்பின்னில் மெஷின் அறையைச் சுத்தி வரும். மேலே ரசமட்டம் வெச்சு நாலு காலையும் சரிபண்ணிட்டு, மூலைக்கு மூலை அழுத்திப் பாருங்க. ஆட்டம் இல்லைன்னா கால் நட்டை மேல்பக்கமா இறுக்கிட்டு, துணி இல்லாம ஒரு ரின்ஸ் ஓட்டிப் பாருங்க. கழட்டின போல்ட்டை ஒரு பையில் போட்டு மெஷின் முதுகிலேயே டேப் அடிச்சுடுங்க.