நடுராத்திரியில் உடம்பு நடுங்கி விழிப்பு வருகிறது: எங்களுக்கு நேர்ந்தவை

ராத்திரி உடம்பு நடுங்கி எழுந்துவிட்டேன் என்று யாரிடமாவது சொன்னால், "குளிராக இருந்திருக்கும், நன்றாகப் போர்த்திக்கொண்டு படுங்கள்" என்பார்கள். எனக்கு வருவது குளிர் நடுக்கம் இல்லை. காய்ச்சலும் இருக்காது. படுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். கனவு எதுவும் இல்லாமல் திடீரென்று கண் திறந்துகொள்ளும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். தொடையில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும் உள்ளுக்குள்ளேயே ஓர் அதிர்வு ஓடும். மொபைல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தால் விரல்கள் லேசாகத்தான் ஆடும். உள்ளே மட்டும் மோட்டார் ஓடுகிற மாதிரி இருக்கும். பல்லோடு பல் தட்டும். செத்துப்போய்விடுவோம் என்கிற எண்ணம் ஒன்றுதான் அந்த நேரத்தில் தெளிவாக இருக்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். அதற்குள் உடம்பு துவண்டிருக்கும், ஆனால் தூக்கம் மட்டும் கிட்டே வராது.

சர்க்கரை, தைராய்டு, ஈசிஜி எல்லாம் பார்த்தார்கள். எதிலும் குறை இல்லை. அந்த ரிப்போர்ட்டுகளை விட டாக்டர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு வழி காட்டின. நடுங்கும்போது முழு நினைவு இருக்கிறதா? யாராவது பேசினால் பதில் சொல்ல முடிகிறதா? காலையில் நாக்கு கடிபட்டிருக்கிறதா? உடை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா? குறட்டை உண்டா? புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா, நிறுத்தினீர்களா? கடைசியில் இது தூக்கத்தில் வரும் பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று உடம்பையே உலுக்குகிற கடும் பயத் தாக்குதல் என்றார்.

பயப்படுகிற ஆளே இல்லையே, அதுவும் தூங்கும்போது எப்படி என்று கேட்டேன். கெட்ட கனவு கண்டுதான் இது வர வேண்டும் என்றில்லையாம். பெரும்பாலும் கனவு நிறைந்த தூக்கத்தில் வராமல், அதற்கு முன்னால், ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்குகிற கட்டத்தில்தான் வருமாம். மூளை ஆபத்து என்று மணி அடித்துவிடுகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. ஓடவோ சண்டை போடவோ தயாராகிற தசைகள், எங்கும் ஓடாமல் படுக்கையில் கிடப்பதால் நடுங்குகின்றன. இதைக் கேட்டதும் பாதி பயம் போனது. மீதிப் பாதிக்கு மனநல ஆலோசனை தேவைப்பட்டது. அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அட்டாக்கை விட, "இன்றைக்கும் வருமோ" என்று படுக்கப் போகவே பயந்த நாட்கள்தான் என்னை அதிகம் வாட்டின. ஆலோசனையில் முதலில் சரியானதும் அந்தப் பயம்தான்.

இப்போது வந்தால் எழுந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றிக்கொள்வேன். மூச்சை இழுப்பதை விட விடுவதை நீளமாக்குவேன். நடுக்கத்தை அடக்கப் பார்க்க மாட்டேன், அதுவாக ஓடி முடியட்டும் என்று விட்டுவிடுவேன். சாயங்காலத்துக்கு மேல் காபியை நிறுத்தியதிலும் பலன் தெரிந்தது. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும்.

* * *

என் விஷயம் வேறு. நான் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். தயவுசெய்து என்னைப் போன்றவர்கள் ராத்திரி நடுக்கத்தைப் பதற்றம் என்று எண்ணி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம். முதலில் விரலைக் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள்.

எனக்குச் சர்க்கரை இறங்கும்போது நடுக்கத்தோடு வியர்வையும் கொட்டும். தலையணை உறை ஈரமாகி, கழுத்தில் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ துரத்துகிற மாதிரிக் கனவு வரும். விழித்தாலும் புத்தி தெளியாது, மீட்டர் கையில் இருக்கும்போதே மீட்டர் எங்கே என்று தேடுவேன். மீட்டரில் 70 mg/dL-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழே என்றால் ஆபத்து. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. புரை ஏறிவிடும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான்.

இன்சுலின் மட்டும் இல்லை, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளிலும் இப்படி இறங்கும். சாயங்காலம் வழக்கத்தை விட அதிகமாக நடந்தாலோ, ராத்திரிச் சாப்பாடு குறைந்தாலோ, மது குடித்தாலோ இன்னும் எளிதாக இறங்கும். என் அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பதால் அவருக்கு நடுக்கமோ படபடப்போ அவ்வளவாகத் தெரியாது, வியர்வை மட்டும்தான் தெரியும். அதனால் ராத்திரி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

* * *

நடுங்கியது நான் இல்லை, என் கணவர். முதல் தடவை கட்டில் ஆடித்தான் எனக்கு முழிப்பு வந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை என் மேல் இல்லை. கூப்பிட்டால் பதில் இல்லை. கை கால் விறைத்து, அப்புறம் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இழுத்தது. தாடை இறுகியிருந்தது. நின்றதும் பெரிய சத்தத்தோடு மூச்சு விட்டார், குறட்டை மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, எந்த அறையில் இருக்கிறோம் என்றே தெரியாமல் விழித்தார்.

காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்கிறார்! நாக்கின் ஓரத்தில் கடித்த தழும்பு, தோளெல்லாம் அடித்துப் போட்ட வலி. முதலாவதாக எழுதியவருக்கும் இவருக்கும் வித்தியாசம் இதுதான். அவருக்கு நடுக்கம் முழுக்க நினைவிருக்கிறது, இவருக்கு ஒன்றுமே தெரியாது. தனியாகத் தூங்குகிறவர்கள் காலையில் காரணம் தெரியாமல் நாக்குப் புண், உடம்பு வலி, படுக்கை நனைவது என்று இருந்தால் சும்மா விடாதீர்கள்.

அடுத்த தடவை நான் மொபைலில் எடுத்த வீடியோதான் நரம்பியல் டாக்டருக்கு மிகவும் உதவியது. பகலில் எடுத்த ஈஈஜியில் (மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) ஒன்றும் தெரியவில்லை. தூங்காமல் வரச்சொல்லி எடுத்ததில்தான் வலிப்பு என்று தெரிந்தது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறார், வண்டி ஓட்டுவதை டாக்டர் சொல்லும் வரை நிறுத்திவைத்திருக்கிறார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் துணி, கரண்டி, விரல் எதையும் வைக்காதீர்கள். இழுப்பு கொஞ்சம் தளர்ந்ததும் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளியாமலே அடுத்தது வந்தால், ஆம்புலன்ஸ். எனக்கு அந்த ராத்திரியில் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாகத் தெரிந்தது.

* * *

சுருக்கமாக என்னுடையது. தினமும் நிறையக் குடித்துக்கொண்டிருந்தவன், ஒரே நாளில் நிறுத்தினேன். அன்று ராத்திரியே கை, உதடு, கண் இமை எல்லாம் நடுங்கியது. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே இது தொடங்கலாமாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். என் அண்ணன் என்னை அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார், பிழைத்தேன். நிறுத்துங்கள், ஆனால் டாக்டர் துணையோடு நிறுத்துங்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் வருடக்கணக்கில் போட்ட அல்பிரசோலம், குளோனசிபாம் மாத்திரைகளுக்கும் இதேதான். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

* * *

எனக்குத் தூக்கம் பிடிக்கப்போகிற நேரத்தில் பள்ளத்தில் விழுவது போல உடம்பு ஒரு தடவை தூக்கிப்போடும். அவ்வளவுதான். சில நாள் விழிப்பு வந்தும் அசைய முடியாமல், காதில் ரீங்காரத்தோடு உடம்பு முழுக்க அதிர்கிற மாதிரி இருக்கும், அறையில் யாரோ நிற்பதாகவும் தோன்றும். இதுவும் ஆபத்தா?

* * *

முதலில் எழுதியவன்தான். நீங்கள் சொன்ன முதல் விஷயம் பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வருவதுதான், நோய் இல்லை. இரண்டாவது தூக்க முடக்கம். கனவுத் தூக்கத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். அனுபவிக்கும்போது குலைநடுங்கினாலும், சில நொடிகளிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விட்டுவிடும். தூக்கம் குறைந்தாலோ, மல்லாந்து படுத்தாலோ அதிகம் வரும். அடிக்கடி வந்து, பகலிலும் அடக்க முடியாத தூக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று: நடுங்கிய ராத்திரியே, மறப்பதற்குள், படுத்து எவ்வளவு நேரம் ஆகியிருந்தது, நினைவு இருந்ததா, வியர்த்ததா, அன்றைக்கு என்ன மாத்திரை போட்டோம் என்று இரண்டு வரி குறித்துவையுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். பல் தந்தியடிக்க நடுங்கிவிட்டு அப்புறம் காய்ச்சல் ஏறினால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. சிறுநீர்த் தொற்றிலும் மலேரியாவிலும் இப்படி வரும். அதற்கு அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது, மறுநாளே காட்டிவிடுங்கள். வயதானவர், கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் அந்த ராத்திரியே கிளம்புங்கள்.